திரையில் ஏறிய மஞ்சள்

கம்ப்யூட்டர் பொய் சொல்லாது என்று யாராவது என் எதிரில் சொன்னால் எனக்குச் சுர்ரென்று ஏறும். சொல்லும், நன்றாகவே சொல்லும். அது காட்டியதை நம்பி இரண்டு நாள் உட்கார்ந்து ஒரு கல்யாணப் பெண்ணின் முகத்தைக் கெடுத்தவள் நான். அதன் மேல் தப்பில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. யாரோ அதைத் தொட்டு அப்படிக் காட்ட வைத்திருந்தார்கள். அந்த ஆளோடுதான் நான் ஐந்து வருஷம் ஒரே டேபிளில் மதியச் சோறு சாப்பிட்டேன்.

அப்போது சித்தூரில் ஒரு ஃபோட்டோ ஸ்டுடியோவில் வேலை. கீழே ஸ்டுடியோ, மாடியில் நாங்கள். நாங்கள் என்றால் நானும் அவளும், இரண்டே பேர். இரண்டு டேபிள், இரண்டு சிஸ்டம், நடுவில் தலையை ஆட்டிக்கொண்டிருக்கும் ஒரு ஃபேன். கல்யாண ஆல்பம் டிசைன் என் வேலை, கல்யாண வீடியோ எடிட்டிங் அவள் வேலை. அவள் குடிபாலா பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். ஒரே வயது என்பதால் பெயர் சொல்லிக் கூப்பிட்டதை விட ‘மே’ என்று கூப்பிட்டுக்கொண்டதுதான் அதிகம். அவள் கொண்டுவரும் கருவாட்டுக் குழம்புக்காக நான் வெறும் சோறு மட்டும் எடுத்துப்போன நாட்கள் உண்டு.

என் வீட்டுக்காரருக்கு ஸ்ரீ சிட்டியில் ஒரு கம்பெனியில் மெஷின் லைனில் வேலை. சத்தியவேட்டில் ஆறு பேரோடு ஒரே ரூமில் இருந்தார். பதினைந்து நாளைக்கு ஒருமுறை சனிக்கிழமை வருவார். ஞாயிற்றுக்கிழமை என்னோடு சர்ச்சுக்கு வந்துவிட்டுச் சாயந்தரம் பஸ் ஏறிவிடுவார். கல்யாணமாகி நான்கு வருஷத்தில் நாங்கள் ஒரே வீட்டில் இருந்த நாட்களைக் கூட்டினால் ஒரு வருஷம் தேறாது. சபையில் பார்க்கிற பொம்பளைகள் எல்லாம் “இன்னும் விசேஷம் இல்லியாமா?” என்று கேட்பார்கள். எங்கிருந்து வரும் விசேஷம், தபாலிலா வரும்? பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பேன்.

இப்படி இருக்கும்போதுதான் எங்கள் சார் திருப்பதியில் இரண்டாவது ஸ்டுடியோ திறக்கும் ஏற்பாட்டில் இறங்கினார். தமிழ்நாட்டிலிருந்து எவ்வளவோ பேர் திருப்பதிக்கு வந்து கல்யாணம் பண்ணிக்கொண்டு போகிறார்கள். தமிழிலும் தெலுங்கிலும் எழுத்துப் போட்டு ஆல்பம் பண்ணத் தெரிந்த ஆள் அங்கே ஒருத்தர் வேண்டும். “நுவ்வே போவாலம்மா, நீதான் போவணும்” என்று என்னைத்தான் சொன்னார். திருப்பதியிலிருந்து வீட்டுக்காரர் கம்பெனிக்கு தினமும் பஸ் இருந்தது. காலையில் அனுப்பிவிட்டு நான் வேலைக்குப் போகலாம், சாயந்தரம் அவர் வீட்டுக்கு வருவார். உலகத்தில் எல்லாப் பெண்டாட்டிகளுக்கும் சும்மா கிடைக்கிற இந்தச் சங்கதி எனக்குக் கிடைக்கப்போகிறது என்று நினைத்தபோது அன்றைக்கு முழுவதும் வேலையே ஓடவில்லை.

அவளிடம்தான் முதலில் சொன்னேன். எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

“இனிமே உங்க ஊட்டுக்காரரு தெனமும் உன் கையால துன்னுவாரு. பாவம் மனுசன்” என்றாள்.

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் கீழேயிருந்து சார் அண்ணாந்து பார்த்து என்னம்மா என்று கேட்டார்.

ஆல்பம் ஷீட் ஒவ்வொன்றும் மூன்றடி அகலம். அதில் ஒரு படத்தை இங்கிருந்து அங்கே நகர்த்துவதற்குள் என் பழைய சிஸ்டம் திணறிவிடும். அதனால் சார் எனக்கு மட்டும் புது கிராஃபிக்ஸ் கார்டு வாங்கிப் போட்டார். போட்ட அன்றே ஒரு சட்டமும் போட்டார். இதில் யாரும் எதையும் இன்ஸ்டால் பண்ணக் கூடாது, மீறினால் அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். அந்தக் கார்டுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் பேச்சு நடத்த டிரைவர் என்று ஒரு சாஃப்ட்வேர் உண்டு. புதுசு வந்திருக்கிறது, போடட்டுமா என்று திரை மூலையில் அடிக்கடி கேட்டுக்கொண்டிருக்கும். நானும் ஒவ்வொரு தடவையும் வேண்டாம் என்று மூடிவிடுவேன்.

முகூர்த்த மாதங்களில் ஞாயிற்றுக்கிழமையும் மாடி திறந்திருக்கும். எனக்கு மட்டும் சர்ச் முடிந்து மதியத்துக்கு மேல் வர சார் அனுமதி கொடுத்திருந்தார். மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. ஆராதனை நீண்டுவிடும் என்பதால் அன்றைக்கு நான் வரவே மாட்டேன். சாவி அவளிடம் இருக்கும்.

அப்படி ஒரு முதல் ஞாயிறு கழிந்த திங்கட்கிழமை வந்து சிஸ்டத்தைப் போட்டேன். டெஸ்க்டாப்பில் நான் வரிசையாக வைத்திருந்த ஐகான்கள் எல்லாம் இடது ஓரத்தில் குவிந்து கிடந்தன.

“மே, என் சிஸ்டத்துல யாராச்சும் உக்காந்தாங்களா?”

“யாரு உக்காருவாங்க? எனக்கு என் வேலையே தலைக்கு மேல கீது” என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

கரண்ட் போய் வந்திருக்கும் என்று ஐகான்களை மறுபடி அடுக்கிவிட்டு வேலையை ஆரம்பித்தேன்.

அந்த வாரம் என் கைக்கு வந்தது அவள் ஊர்ப் பக்கத்துக் கல்யாணம். பெண்ணின் அப்பா ஊரார் நிலத்தில் கூலிக்கு உழைத்து, கொஞ்ச வருஷத்துக்கு முன்னால்தான் சொந்தமாகத் துண்டு நிலம் வாங்கிப் பயிர் வைத்தவர். அவர்கள் வீட்டில் ஆல்பம் போடுகிற முதல் கல்யாணம் அது. அட்டைக்கு என்ன துணி, உள்ளே என்ன பூ என்று பெண்ணின் அம்மா மூன்று தடவை வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். பொண்ணு முகம் பளிச்சென்று இருக்கணும் கண்ணு என்பதுதான் அவர் சொன்ன ஒரே கண்டிஷன்.

ஆல்பத்தின் முதல் ஷீட்டுகள் எல்லாம் நலங்கு. எங்கள் சபையில் நலங்கு கிடையாது. மிஷன் காலத்துப் பழைய சபை அது. பெண்ணுக்கு வெள்ளைப் புடவை, தலையில் வலை, கையில் பூச்செண்டு. மஞ்சளுக்கும் எங்கள் கல்யாணத்துக்கும் உள்ள சம்பந்தம் பிரியாணி அண்டாவோடு சரி. வேலைக்கு வந்த பிறகு எத்தனையோ நலங்குப் படங்கள் பார்த்துவிட்டேன் என்றாலும் எவ்வளவு பூசினால் சரி, எவ்வளவு பூசினால் அதிகம் என்பது எனக்குப் பிறந்ததிலிருந்து பழகின விஷயமில்லை. ஊருக்கு ஊர் ஒரு மாதிரி பூசுகிறார்கள். அன்றைக்குத் திரையில் அந்தப் பெண் பழுத்த மாம்பழமாக இருந்தாள். முகம், கழுத்து, கை எல்லாம் மஞ்சள். பக்கத்தில் நின்ற பெண்களுக்கும் மஞ்சள் ஏறியிருந்தது. பின்னால் சுவரும் மஞ்சள். வீடியோக்காரர்கள் போடும் லைட் எப்போதும் மஞ்சளடிக்கும் என்பதால் சுவரைப் பார்த்தும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. ஆல்பம் சாஃப்ட்வேரின் ஜன்னல் முழுக்கக் கறுப்பு, ஒப்பிட்டுப் பார்க்கத் திரையில் வேறு வெள்ளையும் இல்லை.

“இங்க வந்து பாருமே. உங்க ஊர்ல இவ்ளோ மஞ்சளா பூசுவாங்க?”

வந்து என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். அந்தக் கொஞ்ச நேரத்தை நான் பிற்பாடு எத்தனை தடவை நினைத்துப் பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

“பூசுவாங்கதான். ஆனா ஆல்பத்துல இவ்ளோ வேணாம். கம்மி பண்ணிடு” என்றாள்.

கம்மி பண்ணினேன். நலங்குப் படங்களில் கம்மி பண்ணினேன், முகூர்த்தப் படங்களில் கம்மி பண்ணினேன், பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் முகத்தில்கூட விடவில்லை. திரையில் எல்லாரும் நல்ல மனுஷ நிறத்துக்கு வந்த பிறகு ஃபைலை மூடி, ஆல்பம் அச்சடிக்கிற சென்னை லேபுக்கு அனுப்பினேன். இதுவரை பண்ணினதிலேயே இதுதான் நல்ல ஆல்பம் என்று வீட்டுக்காரரிடம் போனில் பீற்றிக்கொள்ளவும் செய்தேன்.

ஆல்பம் அச்சாகி வந்த அன்று பெண்ணின் அப்பா, அம்மா இரண்டு பேரும் நல்ல நேரம் பார்த்துக் கிளம்பி வந்திருந்தார்கள். சார் கீழே கவுண்டரில் வைத்துப் பெட்டியைத் திறந்தார். முதல் ஷீட்டைத் திருப்பியதும் அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். நானும் எட்டிப் பார்த்தேன். மஞ்சளே இல்லை. நலங்கில் உட்கார்ந்திருந்த பெண்ணின் முகம் சாம்பல் பூத்து, உதடு நீலம் பாரித்துக் கிடந்தது. அடுத்த ஷீட்டும் அப்படி. தாலி கட்டுகிற படமும் அப்படி.

“ஐயோ, எம் பொண்ணப் பொணமாட்டம் பண்ணி வெச்சிருக்கீங்களே!” என்று அந்த அம்மா ஓலமிட்டார். “நேத்து வாழப் போனவ அவ! இத எப்டி அவ மாமியா ஊட்ல காட்டுவேன்?”

ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் ஃபோட்டோவுக்கு வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அப்பா மேல்துண்டால் ஆல்பத்தை மூடினார், அவ்வளவுதான். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். சார் கையைக் கூப்பி, வேறு ஆல்பம் போட்டுத் தருகிறோம் என்று கெஞ்சி அனுப்பி வைத்தார். லேபுக்குப் போன் போட்டுக் கத்தினார். நீங்கள் அனுப்பின ஃபைலே அப்படித்தான் இருக்கிறது என்று அவர்கள் பதிலுக்குக் கத்தினார்கள்.

“நாளைக்குள்ள எனக்கு ரீசன் தெரியணும்” என்று என்னிடம் சொன்னார். “ரீசன் தெரியாத ஆளை நம்பித் திருப்பதி பிராஞ்ச் எப்படிம்மா ஒப்படைக்கிறது?”

மாடிக்கு வந்து என் சிஸ்டத்தில் அந்த ஃபைலைத் திறந்தேன். திரையில் பெண் அழகாக இருந்தாள். கையில் இருந்த ஷீட்டில் பிணமாக இருந்தாள். இரண்டில் எதை நம்புவது? முதலில் மானிட்டர் கெட்டுவிட்டதென்று நினைத்தேன். என் மானிட்டரைக் கழற்றி அவள் சிஸ்டத்தில் மாட்டினோம். அதில் அதே ஃபைலைத் திறந்தால் ஷீட்டில் இருந்த அதே சாம்பல் முகம். அவள் மானிட்டரை என் சிஸ்டத்தில் மாட்டினால் அதிலும் பெண் அழகாக இருந்தாள். அப்படியென்றால் கோளாறு சிஸ்டத்துக்குள்ளேதான். மூடியைத் திறந்து கார்டைப் பிடுங்கி, அதன் பல் வரிசையைப் பென்சில் ரப்பரால் தேய்த்துத் துடைத்து மறுபடி சொருகினேன். கேபிளை மாற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை. இத்தனைக்கும் அவள்தான் பக்கத்தில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, கழற்றின ஸ்க்ரூவை எல்லாம் உள்ளங்கையில் வாங்கி வைத்துக்கொண்டிருந்தாள். “பாவம்மே நீ” என்று இரண்டு தடவை சொன்னாள்.

அப்புறம்தான் எனக்கு ஒன்று தோன்றியது. எங்கள் சபையில் நடந்த கல்யாணம் ஒன்றுக்கு நான்தான் ஆல்பம் பண்ணியிருந்தேன். நன்றாக அச்சாகி எல்லாரும் பார்த்துப் பாராட்டின ஆல்பம் அது. மஞ்சளில் எது சரி என்று எனக்குத் தெரியாமல் இருக்கலாம். வெள்ளைப் புடவை எனக்குத் தெரியாதா? சின்ன வயதிலிருந்து அதைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் பழைய ஃபைலைத் திறந்தேன். மணப்பெண் வாழைப்பழத் தோல் நிறத்தில் புடவை கட்டிக்கொண்டு நின்றாள். போதகரின் அங்கிகூட மஞ்சள்.

அந்தக் கார்டின் கன்ட்ரோல் பேனலைத் திறந்து பார்த்தேன். எனக்குப் பழக்கமான பேனலே இல்லை அது, புதுசாக வேறு மாதிரி இருந்தது. கலர் என்ற இடத்தில் நீலத்தை யாரோ பாதிக்கும் கீழே இழுத்து வைத்திருந்தார்கள். நீலம் குறைந்தால் திரையில் எல்லாமே மஞ்சளாகத்தான் தெரியும். டிவைஸ் மேனேஜரில் போய்ப் பார்த்தால், பழைய டிரைவருக்குத் திரும்பிப் போகிற ‘ரோல் பேக்’ பட்டன் உயிரோடு இருந்தது. புதுசு போட்டிருந்தால்தான் அந்தப் பட்டன் அழுத்த வரும். டி டிரைவில் தேடினேன். புது டிரைவரின் ஃபைல் ஒரு ஃபோல்டருக்குள் கிடந்தது. அது சிஸ்டத்தில் ஏறின தேதி, முதல் ஞாயிறு. நேரம், காலை ஒன்பது ஐம்பது. அந்த நேரத்தில் நான் சர்ச்சில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

திரும்பிப் பார்த்தேன். அவள் டார்ச்சை அணைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

“நீதானா?”

தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். ஒரு கல்யாண வீடியோவுக்கு எஃபெக்ட் போடும் புது சாஃப்ட்வேர் அவள் சிஸ்டத்தில் ஓடவில்லையாம். என் கார்டில் ஓடும் என்று என் சிஸ்டத்தில் போட்டாளாம். டிரைவர் பழசு என்று அது அடம்பிடித்ததால் புது டிரைவரை பென் டிரைவில் கொண்டுவந்து போட்டாளாம். போட்டதும் திரை பெரிசு பெரிசாகத் தெரிந்ததாம். அதைச் சரி பண்ணி, வீடியோ வெளிறித் தெரிகிறதென்று கலரையும் இழுத்துப் பார்த்து, வேலை முடிந்ததும் சாஃப்ட்வேரை மட்டும் எடுத்துவிட்டு, மற்றதைப் பழையபடி வைக்க மறந்துவிட்டாளாம். சார் வேலையை விட்டு அனுப்பிவிடுவார் என்று பயந்துதான் திங்கட்கிழமை சொல்லவில்லையாம்.

“அந்தப் படத்தப் பாக்கச் சொன்னேனே, அப்பவாச்சும் சொல்லக்கூடாதாடி?” என்று கத்தினேன். நாங்கள் ‘டி’ போட்டுப் பேசிக்கொண்டதே இல்லை.

“அப்ப எனக்குத் தோணல மே. எங்கம்மா மேல சத்தியம், தோணவே இல்ல.”

அவள் அழுததைப் பார்த்து என் கோபம் பாதி இறங்கிவிட்டது. நான் அப்படிப்பட்ட முட்டாள். அழுகிறவர்களைப் பார்த்தால் எனக்குத் தாங்காது.

“நாளைக்குக் காலைல நானே சார் கைல சொல்லிடறேன். உம்மேல ஒரு தப்பும் இல்லன்னு சொல்லிடறேன்” என்றாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு. “ஆனா மொதல்ல இத சரி பண்ணிடலாம் மே. சரி பண்ணிட்டோம் சார்னு சேத்துச் சொன்னா அவருக்குக் கோவம் கம்மியா வரும். கெட்டுப்போய் கீறப்பவே சொன்னா என்னக் கொன்னே புடுவாரு.”

நியாயமாகத்தான் பட்டது. ரோல் பேக்கை அழுத்தினேன். திரை கறுத்து, விழித்து, மறுபடி கறுத்து வந்தது. சிஸ்டத்தை அணைத்துப் போட்டேன். பழைய பேனல் வந்தது, நீலம் தன் இடத்துக்கு வந்தது. மணப்பெண்ணின் புடவை வெள்ளையாகிவிட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“அந்த ஃபைலையும் அழிச்சிடு மே. திரும்ப எதுனா ஏறிக்கப் போவுது” என்றாள்.

அழித்தேன். ரீசைக்கிள் பின்னையும் நானே காலி பண்ணினேன். சிஸ்டத்துக்குள் எங்கோ ஒரு மூலையில் இதெல்லாம் எழுதி வைக்கப்பட்டிருக்கும், தேடினால் எடுத்திருக்கலாம் என்று பல வருஷம் கழித்து ஒரு ஹார்ட்வேர்காரர் சொன்னார். அப்போது எனக்கு அது தெரியாது.

மறுநாள் காலையில் சார் மாடிக்கு வந்தார். நான் அவளைப் பார்த்தேன். அவள் தன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது சொல்வாள், இப்போது சொல்வாள் என்று காத்திருந்துவிட்டு, கடைசியில் நானே ஆரம்பித்தேன். டிரைவர், ஞாயிற்றுக்கிழமை, நீலம், எல்லாவற்றையும் சொன்னேன்.

சார் அவள் பக்கம் திரும்பினார். “நிஜமாம்மா?”

“எனக்கு ஒண்ணும் தெரியாது சார். நான் எதுக்கு இவங்க சிஸ்டத்தத் தொடறேன்?”

‘இவங்க’ என்றாள். ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக எனக்கு மரியாதை கொடுத்தாள்.

“மே, நேத்து இங்கதானே தரையில உக்காந்து அழுத!” என்றேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. சார் என் நாற்காலியில் உட்கார்ந்து டிவைஸ் மேனேஜரைத் திறந்தார். ரோல் பேக் பட்டன் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தது. டிரைவர் அவர் போட்ட அதே பழைய டிரைவர். டி டிரைவில் ஒரு ஃபைலும் இல்லை.

“எக்கட உந்தி? எங்கம்மா இருக்கு, நீ சொல்ற டிரைவர்?” என்றார். குரலை உயர்த்தக்கூட இல்லை. “தப்பு எல்லாருக்கும் வரும். இன்னொருத்தி தலையில போடறது நல்லால்லம்மா.”

அன்று சாயந்தரமே முடிவாகிவிட்டது. திருப்பதிக்கு அவள் போவாள். ஆல்பம், வீடியோ இரண்டும் அவளுக்கு ஓரளவு தெரியும், இப்போதைக்கு அவளே பார்த்துக்கொள்ளட்டும் என்றார் சார். வீட்டுக்காரருக்குப் போன் போட்டுச் சொன்னேன். கம்பெனி மெஷின் சத்தத்துக்கு நடுவில் அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. எப்போ வீடு பார்க்கலாம் என்று கேட்டார். திருப்பதி இல்லை என்று மூன்று தடவை கத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

அந்த ஆல்பத்தை முதலிலிருந்து மறுபடி பண்ணினேன். ஒரு ஷீட்டுக்கு நான்கு தடவை டெஸ்ட் பிரிண்ட் எடுத்தேன். அச்சாகி வந்தபோது, நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று சாரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு குடிபாலாவுக்கு பஸ் ஏறினேன். அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் அவள் பெட்டியோடு திருப்பதிக்குப் போயிருந்தாள். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

பெண்ணின் அம்மா என்னை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, ஆல்பத்தை மடியில் வைத்துத் திருப்பினார். பெண் மஞ்சள் பூசி, வெட்கத்தோடு, பளிச்சென்று இருந்தாள். அந்த அம்மா முந்தானையால் ஷீட்டைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

“இப்ப எவ்ளோ லட்சணமா கீறா பாரு” என்றார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, ரொம்பத் தன்மையாகவே சொன்னார். “ஏம்மா, உங்க சாமிக்கு மஞ்ச ஆவாதுன்னா மொதல்லயே சொல்லி இருக்கலாமில்ல? வேற ஆளுகிட்டக் குடுத்திருப்போம். அதுக்காக எம் பொண்ணு மூஞ்சில இருந்து கழுவி உட்டுட்டியே.”

“யாரு சொன்னது அப்டி?”

“உங்கூட வேல செய்யற பொண்ணுதான். எங்கூரு பொண்ணாச்சே, வந்து சொல்லிட்டுப் போச்சு. அவங்க கிறிஸ்டீனு, மஞ்ச குங்குமத்தப் பாத்தா அவங்களுக்கு ஆவாதுன்னு. உங்க சார்கிட்டயும் சொல்லுச்சாமே. அதனாலதான் திருப்பதி மாதிரி சாமி ஊருக்கு உன்ன அனுப்பலையாமே.”

ஐந்து வருஷமாக எத்தனை வீட்டுப் பெண்களுக்கு நெற்றியில் குங்குமம் சரியாகத் தெரிய வேண்டும் என்று திரையைப் பெரிசாக்கி உட்கார்ந்து திருத்தியிருக்கிறேன். “அப்டியெல்லாம் இல்லம்மா, அது கம்ப்யூட்டர் கோளாறு” என்று மட்டும் சொன்னேன். அவர் சரி சரி என்று தலையாட்டினார். நம்பவில்லை என்று தெரிந்தது. கிளம்பும்போது வழக்கமாக இந்த வீடுகளில் வெற்றிலை பாக்கோடு மஞ்சள் குங்குமம் வைத்துக் கொடுப்பார்கள். நானும் வாங்கிப் பைக்குள் போட்டுக்கொள்வேன், மஞ்சள் குழம்புக்கு ஆகும். அந்த அம்மா தட்டை எடுத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து, மஞ்சளையும் குங்குமத்தையும் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு வெற்றிலை பாக்கை மட்டும் நீட்டினார். என் மனசு நோகக் கூடாது என்றுதான் அப்படிச் செய்தார்.

பஸ் ஸ்டாப்புக்கு வந்ததும் அவளுக்குப் போன் போட்டேன். எடுப்பாள் என்று நினைக்கவில்லை. எடுத்தாள்.

“நான் கிறிஸ்டீனு, அதனால மஞ்சளக் கழுவி உட்டேன்னு சொன்னியா?”

அவளுக்குப் பின்னால் யாரோ ஃபோட்டோவுக்கு நிற்கிறவர்களிடம் தெலுங்கில் முகவாயைத் தூக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

நான் வாய்க்கு வந்ததை எல்லாம் கேட்டேன். நீ நல்லா இருப்பியா என்று கேட்டேன். உன் கையால போட்ட சோறு இன்னும் என் வயித்துல இருக்குதடி பாவி என்று கத்தினேன். வேலையை எடுத்துக்கோ, ஊரை எடுத்துக்கோ, நான் கும்பிடற சாமியை ஏன்டி இழுத்தே என்று கேட்டேன். பஸ்ஸுக்கு நின்றிருந்தவர்கள் விலகி நின்று வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நானும் கத்தினேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் தாழ்ந்த குரலில் பேசினாள். அழவில்லை. என்னோடு பேசிக்கொண்டிருந்த பழைய குரலிலேயே, ஒரு கணக்குக்கு விடை கேட்கிற மாதிரி கேட்டாள்.

“டிரைவரு, கலருன்னா அவங்களுக்கு இன்னா புரியும்? வேற எத சொல்லி இருந்தா ஒரே பேச்சுல நம்பி இருப்பாங்க, நீயே சொல்லு மே?”

அவள் சொன்னது உண்மை. அந்த அம்மா நம்பினார், அப்பா நம்பினார், ஐந்து வருஷம் என் வேலையைப் பார்த்த சார் நம்பினார். அப்படியா என்று என்னிடம் வந்து ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.